முதல் கடைக் கார்டுக்கே கைவிரித்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை (ஆம்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 27, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு, பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு 22,400 வருகிறது. ஆடித் தள்ளுபடி போட்டிருக்கிறார்களே என்று போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலூரில் ஒரு பெரிய கடைக்கு வாஷிங் மெஷின் பார்க்கப் போனேன். 17,490 ரூபாய். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் வந்து, "எங்க கடை கார்டு எடுத்துக்குங்க சார், இப்பவே 1,500 குறையும், மிச்சத்தை ஆறு மாசமா கட்டலாம்" என்றான். கடை பெயரில் வருகிற கிரெடிட் கார்டாம். சரி, நல்லதுதானே என்று பான், ஆதார் எல்லாம் கொடுத்தேன். போட்டோவுக்கு வெள்ளைச் சுவர் வேண்டுமாம். கடைக்குள் வெள்ளைச் சுவருக்கு எங்கே போவது, ஒரு ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தான். ஓ.டி.பி. மட்டும் மூன்று தடவை சொன்னேன். "பத்து நிமிஷம் சார்" என்று போனவன் அரைமணி நேரம் வரவில்லை, அதுவரை அம்மா அந்த மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் வந்து சர்வர் ஸ்லோ, மெசேஜ் வரும் என்றான். புது பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்காருகிறேன், மெசேஜ் வந்துவிட்டது. வங்கியின் உள்விதிகளின்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லையாம். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

கோபத்தில் அன்று ராத்திரியே போனில் இன்னும் இரண்டு இடத்தில் போட்டேன். இரண்டும் ஐந்து நிமிடத்தில் அதே பதில். நான் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கினவன் இல்லை, பெட்டிக்கடையில்கூட பாக்கி வைத்ததில்லை. பிறகு ஏன்? அம்மா இதற்குள் பக்கத்து வீட்டில் மெஷின் வருகிறது என்று சொல்லிவிட்டார், அது வேறு.

கோட்டை அகழி (வேலூர்)

முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் தம்பி. ஒரே நாளில் மூன்று இடம் என்பது பெரிய தப்பு. நீங்கள் ஒவ்வொரு தடவை விண்ணப்பம் போடும்போதும் யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று பதிவு வைத்திருக்கிற சிபில் மாதிரி நிறுவனத்திடம் அந்த வங்கி உங்கள் கதையைக் கேட்கும், கேட்டது அங்கே பதிவாகும். அடுத்த வங்கிக்காரன் பார்க்கும்போது, இந்த ஆள் ஒரே நாளில் மூன்று பேரிடம் கை நீட்டியிருக்கிறான், என்ன அவசரமோ என்றுதான் நினைப்பான். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது இதில் சேராது, அதை எத்தனை தடவை பார்த்தாலும் அவர்கள் உங்களுக்குப் போடுகிற மார்க், அதாவது கிரெடிட் ஸ்கோர், குறையாது.

சத்துவாச்சாரி அக்கா

நான் வங்கிக் கிளையில் 19 வருடமாக இருக்கிறேன், கடன் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்தக் கார்டில் கடையின் பெயர்தான் பெரிதாக இருக்கும், கொடுப்பது கடை இல்லை. நம் ஊரில் கடைக் கார்டு என்றாலே பின்னால் ஒரு வங்கியோ வங்கியின் கார்டு நிறுவனமோ இருக்கும். அமேசான் பே கார்டு என்றால் ஐசிஐசிஐ, ஃபிளிப்கார்ட் என்றால் ஆக்சிஸ் அல்லது எஸ்பிஐ, ரிலையன்ஸ் என்றால் எஸ்பிஐ கார்டு. விற்றுக்கொடுப்பதும் சலுகை கொடுப்பதும்தான் கடையின் வேலை, நீங்கள் வேறு எங்கே என்ன வாங்கினீர்கள் என்ற விவரத்தைக்கூடக் கடைக்குக் காட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அந்தக் கடைப் பையனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்கு மாதம் இத்தனை விண்ணப்பம் பிடித்துக் கொடு என்று கணக்கு இருக்கும், உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியாது.

இரண்டாவது, "உள்விதிகளின்படி" என்று சொல்லிவிட்டு அவர்கள் நழுவ முடியாது. 2022-ல் வந்த கார்டு விதிகளில், விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்தை வைத்து முதல்முறை கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆனால் சம்பளம் போதாது, வேலை புதிது, முகவரி சரியில்லை என்று வேறு காரணம் சொல்ல வங்கிக்கு உரிமை உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் இருக்கட்டும். நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்த வரலாற்றை வைத்திருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிடமும் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். அவரவர் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். "நான் கடனே வாங்கியதில்லை" என்று சொன்ன எத்தனையோ பேரை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன் தம்பி.

கடல்தாண்டிய காட்பாடி (நியூஜெர்சி)

வேலூரில் படித்துவிட்டு இங்கே வந்து எட்டு வருடம். இங்கே கதையே வேறு என்பதால் சொல்கிறேன். முதல் கார்டாகக் கடைக் கார்டு எடுப்பது இங்கே சகஜம், வேறு எவனும் கொடுக்காதபோது துணிக்கடைக்காரன் கொடுப்பான். ஆனால் அதில் பல, அந்தக் கடையில் மட்டுமே தேய்க்க முடிகிற கார்டு, வெளியில் டீ கூட வாங்க முடியாது. எனக்கு முதலில் 300 டாலர் வரம்பு கொடுத்தார்கள், ஒரு குளிர்கோட்டு வாங்கினால் முடிந்தது. வட்டி வருடத்துக்கு 30 சதவீதம் பக்கம். அதில் இன்னொரு குழி, ஆறு மாதம் வட்டியில்லை என்பான், ஆறாவது மாதம் பத்து டாலர் பாக்கி இருந்தாலும் சிலவற்றில் முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி போட்டுவிடுவான்.

நான் சொல்லவந்தது, அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "கடைக் கார்டு சுலபமாகக் கிடைக்கும்" என்று நம்ம ஊரில் போய் நிற்காதீர்கள். இங்கே மார்க் 300-லிருந்து 850, அங்கே 300-லிருந்து 900. அளவுகோலே வேறு. அங்கே கடைக் கார்டுக்கும் முழு வங்கிச் சோதனைதான்.

ஆம்பூர் பாய்

தம்பி, நீங்கள் எந்த கம்பெனி என்று கேட்கமாட்டேன், ஆனால் அந்த கம்பெனி பெயர் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்பதும் ஒரு விஷயம். எங்கள் தோல் தொழிலில் ஆயிரம் பேர் வேலை செய்கிற யூனிட்டும் இருக்கிறது, ஐம்பது பேர் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டும் இருக்கிறது. சம்பளம் ஒன்றாக இருந்தாலும் வங்கி இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. அப்புறம் பின்கோடு. என் தங்கை மகனுக்கு பேரணாம்பட்டு முகவரிக்குக் கிடைக்கவில்லை, அதே பையன் சென்னைக்கு வேலைக்குப் போய் அறை முகவரி கொடுத்தான், வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பையன் அதேதான், சம்பளம் ஆயிரம் ரூபாய்தான் கூட.

கோட்டை அகழி

பாய் சொல்வது உண்மை. மாவட்டத்தை 2019-ல் மூன்றாகப் பிரித்தார்களே, என் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது, வீடு இருப்பது ராணிப்பேட்டையில். பானில் ஒரு எழுத்து வித்தியாசம், ஆதாரில் பழைய மாவட்டம், வங்கியில் வாடகை வீட்டு முகவரி. இந்த மூன்றையும் ஒன்றாக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

குடியாத்தம் கைலி

எனக்கு ஒரு சந்தேகம். நான் லுங்கி வியாபாரம், சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டம்மா குழுவில் கடன் எடுத்து வாரா வாரம் கட்டிக்கொண்டு வருகிறாள். அது என் கார்டுக்குக் குறுக்கே வருமா? குழுவில் வேறு யாராவது கட்டவில்லை என்றால்?

சத்துவாச்சாரி அக்கா

மகளிர் பெயரில் இருக்கும் குழுக் கடன் அவர்கள் அறிக்கையில்தான் வரும், உங்கள் அறிக்கையில் வராது அண்ணே. ஆனால் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் 2022-லிருந்து குடும்பத்தின் மொத்த வருமானத்தையும் மொத்தத் தவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் கடனா, தனித்தனிக் கடனா என்று பாஸ்புத்தகத்தில் பாருங்கள். வியாபாரிகளுக்குக் கார்டு வேண்டுமென்றால் இரண்டு வருட வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். இல்லையென்றால் வைப்புத் தொகை வைத்து வாங்குகிற கார்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாலாற்றங்கரை

அக்கா, அறிக்கை எடுத்துவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்க் 612. கணக்கு ஒன்று இருக்கிறது! "நுகர்பொருள் கடன்", தொகை 19,999. அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். 2024 முழுக்க 000, 000, 000. அப்புறம் 2025 ஜனவரியிலிருந்து 026, 054, 085, 115, 146, 176 என்று ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை நாளாகக் கட்டவில்லை என்ற எண்ணிக்கையாம் அது. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

2024 பொங்கல் முடிந்த கையோடு என் மாமா பையனுக்கு ஒரு போன் வாங்கினோம். அவனிடம் சம்பளச் சீட்டு இல்லை, என் பேரில் போட்டு அவன் மாதா மாதம் 1,666 என் கையில் கொடுத்துவிடுவான் என்று பேச்சு. கொடுத்தான், குறை சொல்ல முடியாது. அப்போது நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, அங்கே போட்டுக்கொடுத்த சம்பளக் கணக்கிலிருந்துதான் தவணை தானாகப் போகும். அக்டோபரில் ஆம்பூர் வந்துவிட்டேன், இங்கே வேறு வங்கியில் கணக்கு. பழைய கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு வைத்தேன், சம்பளம் வருவது நின்றதும் அது சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது தவணை, கடைசித் தவணை, அது மட்டும் திரும்பிவிட்டது. சிம்மும் மாற்றிவிட்டேன், அவர்கள் போன் செய்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

கடன் வாங்கியதில்லை என்று இந்த இழையில் முதல் பதிவில் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தவணையில் போன் வாங்குவது கடன் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

கோட்டை அகழி

வெட்கப்பட ஒன்றுமில்லை. கடையில் "வட்டியில்லாத் தவணை" என்றுதான் சொல்வான், கடன் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

பாலாற்றங்கரை

அந்த நிதி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். 1,666-ஓடு தவணை திரும்பியதற்கான கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 4,310 ஆகிவிட்டது. வசூல் பிரிவு ஆள் நல்லவர் மாதிரிப் பேசினார். "2,000 கட்டிடுங்க தம்பி, செட்டில் பண்ணி முடிச்சிடறேன்" என்கிறார். பாதிக்கு மேல் மிச்சம். இன்றே கட்டிவிடவா?

சத்துவாச்சாரி அக்கா

கட்டாதீர்கள்!! அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம்.

"செட்டில்" என்றால் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுக்காமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம். பல வருடம் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், கடன் பிரிவில் உட்காருகிற எங்களுக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே கை பின்னால் போகும். உங்களுக்கு வேண்டியது "குளோஸ்டு". 2,310 மிச்சம் பிடிக்கப் போய் நாளைக்கு வீட்டுக் கடனில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். எந்தக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கணக்கு விவரம் கேளுங்கள். தாமதக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதன்மேல் வட்டி போட 2024 ஏப்ரலிலிருந்து அனுமதி கிடையாது, அப்படிப் போட்டிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் கணக்கு "முழுதாக அடைக்கப்பட்டது" என்று முடிய வேண்டும், அதை எழுத்தில் வாங்கிய பிறகு கட்டுங்கள். அந்த ஆளின் சொந்த எண்ணுக்கு ஜீபேயில் அனுப்பவே கூடாது, நிறுவனத்தின் செயலியிலோ கிளையிலோ மட்டும். கட்டினதும் பாக்கியில்லாச் சான்று, அதுதான் என்.ஓ.சி., வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆற்காட்டு மக்கன்பேடா

ஏன் இத்தனை பாடு? கார்டே இல்லாமல் வாழ முடியாதா? என் அப்பா ரொக்கம் கொடுத்துத்தான் எல்லாம் வாங்கினார். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கார்டில் 30,000 பாக்கி, மாதம் 3.6 சதவீதம் வட்டி என்று வையுங்கள். வட்டி 1,080. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 194. ஆக 1,274. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், 1,500 மட்டும் கட்டினால் போதும் என்பான். கட்டுகிறீர்கள், அசலில் குறைவது 226 ரூபாய்! போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதற்குத்தான் ஆலாய்ப் பறக்கிறீர்களா?

கோட்டை அகழி

கணக்கு சரி அண்ணா, மறுக்கவில்லை. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்ட முடியாதவன் கார்டு பக்கமே போகக் கூடாது. ஆனால் உங்கள் அப்பா காலத்தில் வீட்டுக் கடனுக்கு யாரும் மூன்று இலக்க மார்க் கேட்கவில்லை. இன்றைக்கு எதுவுமே வாங்காதவனுக்கும் வரலாறு இல்லை என்று ஒரு சங்கடம் இருக்கிறது.

ஆற்காட்டு மக்கன்பேடா

நகைக் கடனும் வரலாறுதானே, அது போதாதா.

சத்துவாச்சாரி அக்கா

ஒழுங்காகத் திருப்பினால் அதுவும் பதிவாகும். ஆனால் கார்டு கேட்கும் இடத்தில் கார்டு நடத்திய பழக்கத்துக்குத் தனி மதிப்பு.

பாலாற்றங்கரை

சின்னத் தகவல். கணக்கு விவரம் கேட்டதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது, 4,310 என்பது 3,120 ஆனது. வேலூர் கிளையில் போய்க் கட்டினேன், ரசீது கையில். நான்கு நாளில் பாக்கியில்லாச் சான்று மின்னஞ்சலில் வந்தது. மாமா பையனிடம் கேட்டேன், அவன் கொடுத்த பன்னிரண்டு தவணைக்கும் டைரியில் தேதி வைத்திருக்கிறான். கடைசித் தவணைப் பணத்தை வாங்கிச் செலவு செய்தது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து அறிக்கை பார்த்தேன், இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது. என்ன செய்ய?

கோட்டை அகழி

கடன் கொடுத்தவர்கள் சிபிலுக்கு விவரம் அனுப்புவதை, மாதம் ஒருமுறை என்றிருந்ததை, 2025 தொடக்கத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். இன்னும் ஒரு சுற்று பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் சிபில் தளத்திலேயே முறையீடு போட்டு என்.ஓ.சி.யை இணையுங்கள். 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

பாலாற்றங்கரை

முறையீடு போட்டேன், பதினெட்டாம் நாள் "குளோஸ்டு" ஆகிவிட்டது. அந்த 026, 054 எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, அழியாதாம். மார்க் 668.

சத்துவாச்சாரி அக்கா

அழியாது, மூன்று வருடத்துக் கட்டங்கள் தெரியும், புதிது சேரச் சேரப் பழையது பின்னால் போகும். இப்போது கடைக் கார்டைத் திரும்பக் கேட்காதீர்கள். உங்கள் சம்பளம் வருகிற வங்கியில் ஒரு வைப்பு போட்டு அதன்மேல் கார்டு கேளுங்கள். பணம் அவர்கள் கையிலேயே இருப்பதால் பழைய வரலாற்றுக்காக மறுப்பது அபூர்வம், வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். குடியாத்தம் அண்ணே, உங்களுக்கும் இதுதான் வழி.

பாலாற்றங்கரை

தீபாவளி போனஸில் 20,000 வைப்பு போட்டேன், 18,000 வரம்பில் கார்டு வந்தது. முதல் தடவையாகத் தேய்த்தது பெட்ரோல் பங்கில், 200 ரூபாய்க்கு. கை நடுங்கியது, சிரிக்காதீர்கள்.

கோட்டை அகழி

சிரித்துவிட்டேன். ஒன்று மட்டும், 18,000 இருக்கிறதே என்று 16,000-க்குத் தேய்க்காதீர்கள். ஐந்தாறாயிரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பில் போடுகிற தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள், பெரும்பாலும் பில்லில் நிற்கிற தொகைதான் அறிக்கைக்குப் போகும்.

குடியாத்தம் கைலி

நானும் 25,000 போட்டு வாங்கிவிட்டேன் அக்கா. ரூபே கார்டு, யு.பி.ஐ.யில் இணைத்து நூல் கடையில் ஸ்கேன் செய்தே கட்டுகிறேன். நன்றி.

பாலாற்றங்கரை

தை பிறந்துவிட்டது. மூன்று பில், மூன்றும் முழுதாகக் கட்டினேன். மார்க் 719. வாஷிங் மெஷின் தீபாவளிக்கே ரொக்கத்தில் வாங்கியாகிவிட்டது, அதே கடை, ஆயிரம் ரூபாய் கூடுதல். போன வாரம் அம்மாவுக்கு மிக்ஸி பார்க்கத் திரும்ப அங்கே போனேன், அதே பையன், என்னை அவனுக்கு ஞாபகமில்லை. "கடை கார்டு இருக்கா சார்?" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி போடு என்றேன். இந்தத் தடவை புது போட்டோ ஃபிரிட்ஜ் முன்னால் இல்லை, சுவரில் ஒரு வெள்ளைத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள். மிக்ஸிக்குப் பில் போடுவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. ஏற்கப்பட்டது, வரம்பு 40,000.

அம்மா வழக்கம்போல் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி மாமா பையன் கூப்பிட்டான். ஏதோ புது மாடல் போன் வந்திருக்கிறதாம்.

கோட்டை அகழி

எடுக்காதீர்கள்.

பாலாற்றங்கரை

எடுக்கவில்லை அண்ணா. நாலு மிஸ்டு கால் இருக்கிறது.